மணல் புகுந்த டைவர்ட்டர்: டோங்காட் வீட்டில் ஒரு பழுதுபார்ப்பு

தென்னாப்பிரிக்காவின் டோங்காட் ஊரில் எங்கள் வீட்டுக் குளியலறையில் இருப்பது, குளியல் தொட்டிக்கு (பாத்) மேலே சுவருக்கு வெளியே துருத்தி நிற்கும் பழைய பாத் மிக்சர், அதாவது சுடுதண்ணீரையும் பச்சைத் தண்ணீரையும் கலந்து தரும் குழாய். ஒரே கைப்பிடி. தூக்கினால் தண்ணீர் வரும், இடப்பக்கம் திருப்பினால் சுடுதண்ணீர். நடுவில் கீழ்நோக்கிய ஸ்பவுட் (தண்ணீர் கொட்டும் மூக்கு), அதன் தலையில் ஒரு குமிழ். குமிழை மேலே இழுத்தால் தண்ணீர் ஸ்பவுட்டை விட்டுவிட்டுக் கை ஷவருக்குப் போக வேண்டும். இப்படி வழி மாற்றிவிடும் உறுப்புதான் டைவர்ட்டர். கொஞ்ச காலமாக அது பாதிதான் போய்க்கொண்டிருந்தது. குமிழை இழுத்த பிறகும் ஸ்பவுட்டில் தாராளமாக ஊற்றும், ஷவரில் சுரத்தே இருக்காது. குமிழும் வரவர இறுகிக்கொண்டே வந்தது. தண்ணீரை நிறுத்தினால் தானாகக் கீழே இறங்க வேண்டியது, இறங்காமல் மேலேயே நின்றுவிடும். அடுத்து வருகிறவர் பாத்தில் தண்ணீர் பிடிக்கலாம் என்று திறந்தால் மாட்டி வைத்த ஷவரிலிருந்து பச்சைத் தண்ணீர் தலையில் விழும்.

மற்றவர்களுக்கு இது எரிச்சல், அவ்வளவுதான். என் மாமியாருக்கு அப்படி இல்லை. முழங்கால் வலி இருப்பதால் பாத்துக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கை ஷவரில்தான் குளிப்பார். ஸ்பவுட் நேராக அவர் கால் பக்கம் இருக்கிறது. ஷவரில் வர வேண்டிய சுடுதண்ணீர் பாதத்தில் கொட்டினால் சட்டென்று காலை இழுத்துக்கொள்ள அவரால் முடியாது. புரட்டாசி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. இங்கே தென்னாப்பிரிக்காவில் புரட்டாசி மாதம் முழுக்கக் கறி, மீன் சேர்க்காத தமிழ்க் குடும்பங்கள் நிறைய. எங்கள் வீட்டில் சனிக்கிழமை விடியற்காலையில் ஒருவர் பின் ஒருவராகத் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் பெருமாளுக்குச் சமைக்கத் தொடங்குவோம். ஐந்து பேருக்கு ஒரே குளியலறை. அதற்குள் இதைச் சரிசெய்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வந்து பார்த்த ஒரு பிளம்பர் மிக்சரையே மாற்றிவிடலாம் என்றார். சுவரிலிருந்து வரும் இரண்டு இணைப்புகளுக்கும் நடுவே 150 மில்லிமீட்டர், இன்றைய மிக்சர்களும் அதே அளவில்தான் வருகின்றன. இரண்டு நட்டைக் கழற்றிப் புதியதை மாட்டினால் வேலை முடிந்தது என்பது அவர் கணக்கு. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. எங்கள் வீடு 1970களில் கட்டியது, சுவருக்குள் இருப்பது துத்தநாகம் பூசிய பழைய இரும்புக் குழாய். மிக்சரைத் தாங்கும் இணைப்பை ஸ்பானர் போட்டுத் திருப்பும்போது உள்ளே துருப்பிடித்த மரை உடைந்துவிட்டால் டைல்ஸைப் பெயர்த்துச் சுவரைக் கொத்த வேண்டும். தவிர, கனமான பித்தளை மிக்சர் அது. கைப்பிடி வழுவழுவென்று வேலை செய்கிறது, உடம்பில் எங்கும் கசிவு இல்லை. உள்ளே இருக்கும் சுண்டுவிரல் நீளத் தண்டு ஒன்றுக்காக அதைத் தூக்கிப்போடுவது சரியாகப் படவில்லை.

பக்கத்து வீட்டு மாமா மெய்ட்ஸ்டன் சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பவில்லை. "தண்ணி எங்க நிக்குது, எங்க ஓடுது, அதை முதல்ல பாரும்மா. ஸ்பானரை அப்புறம் தொடலாம்" என்றார். இந்த வேலை முழுக்க எனக்குக் கைகொடுத்தது அந்தப் பேச்சுதான்.

டைவர்ட்டருக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பழுது வெளியிலிருந்தே பிடிபட்டுவிடும். சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து ஒரு சின்ன அறைக்குள் வருகின்றன. அந்த அறையிலிருந்து வெளியேற இரண்டு வழி: ஒன்று ஸ்பவுட்டுக்கு, மற்றது ஷவர் ஹோஸுக்கு. குமிழோடு சேர்ந்த தண்டின் கீழ் முனையில் ரப்பர் பதித்த ஒரு தட்டு இருக்கிறது. தண்டு கீழே இருந்தால் தட்டு ஷவர் வழியை அடைத்து நிற்கும். மேலே இழுத்தால் ஷவர் வழி திறந்து, ஸ்பவுட் வழி அடைபடும். தண்டைச் சுற்றி ஒரு ஸ்பிரிங் எப்போதும் அதைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அப்படியானால் குளிக்கும் நேரமெல்லாம் குமிழை மேலே பிடித்து வைப்பது எது? கொக்கி கிடையாது, பூட்டு கிடையாது. தண்ணீரின் அழுத்தம்தான். எங்கள் தட்டின் விட்டம் 16 மில்லிமீட்டர், பரப்பு கிட்டத்தட்ட 2 சதுர சென்டிமீட்டர். 100 கிலோபாஸ்கல் அழுத்தம் அதை ஏறக்குறைய 2 கிலோ எடை அளவுக்கு மேலே தள்ளும். அழுத்தம் 10 கிலோபாஸ்கலுக்கு இறங்கிவிட்டால் அந்தத் தள்ளு 200 கிராம் அளவுதான், ஸ்பிரிங் ஜெயித்துவிடும். குழாயை மூடியதும் குமிழ் தானே கீழே விழுவதும் இதனால்தான். அடுத்தவர் தலையில் எதிர்பாராமல் தண்ணீர் விழக் கூடாது என்றே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு எங்கள் மிக்சரைப் பார்த்தேன். குமிழ் மேலேயே சிக்கிக்கொள்கிறது என்றால் ஸ்பிரிங்கின் பலத்தைவிட உராய்வு அதிகம், அதாவது தண்டைச் சுற்றிய ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் காய்ந்திருக்க வேண்டும் அல்லது அதில் ஏதோ ஒட்டியிருக்க வேண்டும். ஸ்பவுட்டில் ஊற்றுகிறது என்றால் தட்டின் ரப்பர் அதன் சீட்டில், அதாவது அது அழுந்தி அடைக்க வேண்டிய விளிம்பில், சரியாக உட்காரவில்லை. ஷவர் ஏன் இத்தனை பலவீனம் என்பதற்கு மட்டும் இவை போதவில்லை. ஸ்பவுட்டில் போகும் அளவைக் கழித்துப் பார்த்தாலும் ஷவரில் அதைவிட அதிகம் வர வேண்டும்.

ஸ்பவுட்டுக்கு அடியில் வாளியை வைத்து, குமிழை இழுத்து, வழக்கமாகக் குளிக்கும் வேகத்தில் ஒரு நிமிடம் விட்டேன். வாளியில் 2 லிட்டர் இருந்தது. எட்டு நிமிடக் குளியலுக்கு 16 லிட்டர், ஐந்து பேருக்கு 80 லிட்டர், மாதத்துக்கு 2400 லிட்டர். யார் மேலும் படாமல் போகும் தண்ணீர் இது. அதில் பெரும்பகுதி சுடவைத்த தண்ணீர் வேறு. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 வாட்-மணி வேண்டும். 20 டிகிரி ஏற்றுகிறோம் என்று வைத்தால் மாதம் கிட்டத்தட்ட 56 யூனிட் மின்சாரம். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநில விதிப்படி, ஸ்பவுட்டிலேயே அமைந்த டைவர்ட்டர் புதிதாக இருக்கும்போது நிமிடத்துக்கு 0.01 கேலனுக்கு மேல், அதாவது சுமார் 38 மில்லிலிட்டருக்கு மேல் ஒழுகக் கூடாது. எங்களுடையது வேறு வகை என்றாலும், எவ்வளவு ஒழுகினால் பரவாயில்லை என்பதற்கு அந்த அளவை வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டு ஒழுகல் அதைப் போல ஐம்பது மடங்கு.

அடுத்தது ஹோஸைக் கழற்றிப் பார்க்கும் சோதனை. இதை எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன், கருவியே தேவையில்லை. ஹோஸின் நட்டைக் கையால் திருகினாலே வந்துவிடும். ஹோஸ் இல்லாமல் தண்ணீரைத் திறந்து, குமிழை இழுத்து, கையாலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். எதிரழுத்தம் குறைந்துவிடுவதால் கையை விட்டால் அது விழக்கூடும். ஹோஸ் மாட்டும் வாயில் தண்ணீர் பலமாகக் கொட்டினால் மிக்சர் சரி, ஹோஸிலோ ஷவர் தலையிலோ அடைப்பு என்று அர்த்தம். எங்களுக்கு அங்கேயும் சன்னமாகத்தான் வந்தது. டார்ச் அடித்து அந்த வாய்க்குள் பார்த்தபோது, பொத்தான் அளவில் ஒரு பிளாஸ்டிக் வால்வு தெரிந்தது. அதன் இடுக்கெல்லாம் செம்பழுப்பு மணல்.

பல பாத் மிக்சர்களில் இந்த ஒருவழி வால்வு உண்டு. வேண்டாத உறுப்பு என்று யாரும் எடுத்து வீசிவிடாதீர்கள். கை ஷவர் நிரம்பிய பாத்துக்குள் மூழ்கிக் கிடக்கும் நேரம் பார்த்துத் தெருக் குழாயில் அழுத்தம் போய்விட்டால், பாத்தில் இருக்கும் சோப்புத் தண்ணீரை வீட்டுக் குழாய் உறிஞ்சிக்கொள்ளும். அதைத் தடுப்பது இதுதான். எங்கள் பக்கம் போல அடிக்கடி தண்ணீர் நின்று வரும் ஊரில் இது இருந்தே ஆக வேண்டும். கூர்மூக்குக் குறடால் மெதுவாக வெளியே இழுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் தூரிகையால் தேய்த்தேன். பென்சில் முனையால் நடுவில் அழுத்தினால் உள்ளே போய், விட்டதும் துள்ளித் திரும்பியது. ஆக, வால்வு நன்றாக இருக்கிறது, அடைப்பு மட்டும்தான் குறை.

அந்த மணல் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவே தேவையில்லை. 2022 ஏப்ரலில் எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் வந்த வெள்ளத்தில் 400க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. டோங்காட்டின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையமும் அந்த வெள்ளத்தில் சேதமானது. ஊர் பல மாதங்கள் லாரித் தண்ணீரில் வாழ்ந்தது. கோயில் வாசலில், பள்ளி வாசலில், வாளியோடு வரிசையில் நின்ற முகங்களெல்லாம் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன. அதன் பிறகும் தண்ணீர் நிற்பதும் வருவதுமாகத்தான் இருக்கிறது. காலியான குழாயில் திடீரென்று தண்ணீர் பாயும்போது, அடியில் படிந்திருந்த மணலையும் துருச் செதிலையும் கிளப்பிக்கொண்டு வருகிறது. எங்கள் பக்கத்துத் தண்ணீர் கடினநீர் இல்லை, கெட்டிலில் வெள்ளைப் படிவு பெரிதாகப் பிடிப்பதில்லை. அதனால் வினிகரில் ஊறப்போடும் வைத்தியம் இங்கே அதிகம் உதவாது. இங்கே எதிரி மணலும் துருவும்.

சரி, இனி டைவர்ட்டரைத் திறக்கும் வேலை. முதலில் மின்சார ஸ்விட்சுகள் இருக்கும் டிபி போர்டில் கீசரை அணைத்தேன். தண்ணீரை நிறுத்தி வைத்துவிட்டு கீசரைச் சூட்டில் விடக் கூடாது. அப்புறம் கேட்டுக்குப் பக்கத்தில் மீட்டர் பெட்டியில் உள்ள, வீட்டுக்கு வரும் தண்ணீரை நிறுத்தும் ஸ்டாப்காக்கை மூடி, சமையலறைக் குழாயையும் குளியலறைக் குழாயையும் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிட்டேன். பாத்தின் ஓட்டையை அடைத்து மேலே ஒரு பழைய துண்டை விரித்தேன். கை நழுவும் ஸ்க்ரூவைத் துண்டு பிடித்துக்கொள்ளும், ஸ்பானர் விழுந்தாலும் எனாமல் பெயராது.

குமிழின் பின்பக்கத்தில் ஒரு சின்ன ஆலன் ஸ்க்ரூ ஒளிந்திருந்தது, 2.5 மில்லிமீட்டர். அது வந்ததும் குமிழ் கழன்றது. அதற்குக் கீழே தண்டைப் பிடித்திருக்கும் நட்டுதான் அசையவே இல்லை. இறுகிய மரையை இளக்கும் க்யூ20 எண்ணெயை அடித்து ஒரு இரவு ஊறவிட்டேன். தென்னாப்பிரிக்காவில் எந்த வீட்டு கராஜிலும் அந்த டப்பா இருக்கும். மறுநாள் மாமா வந்து ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருந்தார்: நட்டைத் திருப்பும் ஸ்பானர் ஒரு கையில் இருந்தால், மிக்சரின் உடம்பை எதிர்ப்பக்கம் பிடிக்கும் இன்னொரு ஸ்பானர் மறுகையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் திருப்பும் விசை முழுவதும் சுவருக்குள் இருக்கும் அந்தப் பழைய குழாய் மேல் போகும். குரோம் கீறாமல் இருக்க இரண்டுக்கும் நடுவில் துணி. அப்படிப் பிடித்துக்கொண்டு நிதானமாக அழுத்தம் கொடுத்தோம். நட்டு இளகியது.

தண்டை நேராக இழுத்தெடுத்து, எது மேலே எது கீழே என்பதற்குக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். நினைத்தபடிதான் இருந்தது. தண்டைச் சுற்றிய ஓ-ரிங் உருண்டை போய்த் தட்டையாகியிருந்தது, நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் போல இருந்தது. தட்டின் ரப்பரில் மணல் துகள்கள் பதிந்து, ஒரு இடத்தில் குறுக்காகக் கோடு விழுந்திருந்தது. ஸ்பவுட்டில் ஊற்றிய தண்ணீருக்கு வழி அந்தக் கோடு. பித்தளை சீட்டில் துருநிற வளையம் படிந்திருந்ததே தவிர வெட்டு இல்லை. வெட்டு இருக்கிறதா என்று பார்க்கப் பஞ்சு சுற்றிய குச்சியைச் சீட்டின் மேல் ஒரு சுற்று ஓட்டினால் போதும், பஞ்சின் நூல் எங்காவது மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. துணியால் துடைத்தேன். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், சீட்டில் நாம் போடும் ஒவ்வொரு கீறலும் புதுக் கசிவு.

உதிரி கிடைப்பதுதான் கஷ்டம். மிக்சரில் கம்பெனிப் பெயர் தேய்ந்து போயிருந்தது. ஹார்டுவேர் கடைகளில் முழு மிக்சர் அடுக்கடுக்காக இருக்கிறது, உள்ளே போடும் தண்டு தனியாக இல்லை. பேரிங்கும் ஹைட்ராலிக் ஹோஸும் விற்கும் கடைக்குப் போனால் ஓ-ரிங் எல்லா அளவிலும் இருக்கும். அங்கே போவதற்கு முன் அளவெடுக்க வேண்டும், பழைய ரிங்கை அளப்பதில் பிரயோசனம் இல்லை. அது நசுங்கி அளவு மாறியிருக்கும். அது உட்காரும் காடியை (தண்டைச் சுற்றிய பள்ளத்தை) வெர்னியர் அளவுகோலில் அளந்தேன்: காடியின் அடி விட்டம், அகலம், ஆழம். நகரும் தண்டில் உட்காரும் ரிங் தன் தடிமனில் பத்து முதல் இருபது சதவீதம் நசுங்கினால் தண்ணீரைத் தடுக்கவும் செய்யும், தண்டை நகரவும் விடும். அதற்கு மேல் தடிமனாகப் போட்டால் குமிழ் பழையபடி சிக்கிக்கொள்ளும். சுடுதண்ணீருக்கு என்று சொல்லி ஈபிடிஎம் ரப்பர் கேட்டு வாங்கினேன். கடைகளில் சாதாரணமாக எடுத்துக் கொடுப்பது எண்ணெய்க்கான நைட்ரைல் ரப்பர், அதுவும் வேலை செய்யும், ஆனால் சுடுதண்ணீரில் நீண்ட நாள் தாங்குவது ஈபிடிஎம்தான். இரண்டும் கருப்பு, பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. அதனால் கேட்டே வாங்க வேண்டும். விலை சில ராண்டுதான், கூடுதலாகவும் வாங்கி வைத்தேன்.

தட்டின் ரப்பருக்குப் பொருந்தும் வாஷர் எங்கும் கிடைக்கவில்லை. மாமா தன் கராஜிலிருந்து 3 மில்லிமீட்டர் ஈபிடிஎம் ஷீட்டில் ஒரு துண்டும், வட்டம் வெட்டும் பஞ்ச் கருவியும் கொண்டுவந்தார். ஷீட்டை மரக்கட்டையின் மேல் வைத்து, கருவியை நட்டுக்குத்தாகப் பிடித்து, சுத்தியலால் ஒரே அடி. சாய்த்துப் பிடித்தால் ஓரம் சரிவாக வெட்டுப்பட்டு ஒரு பக்கம் சரியாக உட்காராது என்றார். முதலில் நடு ஓட்டை, அதை மையமாக வைத்து வெளி வட்டம். ஆலையில் வாஷர் தீர்ந்துபோன இரவுகளில் இப்படித்தான் வெட்டிக்கொள்வார்களாம். அவர் கையில் அந்த வட்டம் கடையில் வாங்கியது போலவே வந்தது. இந்தக் கைவேலையை எங்கள் தெருப் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மனசார விரும்புகிறேன். என் மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டாவது வட்டத்தை அவளே வெட்டினாள்.

மூடுவதற்கு முன் செய்த ஒரு வேலைதான் இந்தப் பழுதுபார்ப்பிலேயே முக்கியம் என்று நினைக்கிறேன். தண்டு வெளியே இருக்கும்போதே, திறந்த வாயின் மேல் வாளியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, மகனைக் கேட்டுக்கு அனுப்பி ஸ்டாப்காக்கைக் கொஞ்சமாகத் திறக்கச் சொன்னேன். கைப்பிடியைச் சுடுதண்ணீர்ப் பக்கமும் பச்சைத் தண்ணீர்ப் பக்கமும் மாற்றி மாற்றித் திருப்பினேன். பாத்தின் வெள்ளைத் தரையில் பழுப்பு மணல் படிந்தது. இதைச் செய்யாமல் மூடியிருந்தால் அந்த மணல் முழுவதும் புது ரப்பரில் போய்ப் பதிந்திருக்கும்.

புது ஓ-ரிங்குக்குச் சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவினேன். வாசலின், க்யூ20, சமையல் எண்ணெய் எதுவும் இங்கே கூடாது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஈபிடிஎம் ஊதிப் பெருத்துவிடும். நட்டை ஊறவைத்த எண்ணெயையும் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்த பிறகே ரப்பரைப் பக்கத்தில் கொண்டுபோனேன். நட்டை விரலால் முடிந்தவரை திருகி, ஸ்பானரில் கால் சுற்று. அங்கே தண்ணீரைத் தடுப்பது ரப்பர் என்பதால் மரைக்கு டேப் தேவையில்லை. ஒருவழி வால்வைத் திரும்பப் பொருத்தி, ஹோஸுக்கு இரண்டு முனையிலும் புது வாஷர் போட்டேன்.

தண்ணீரைத் திறந்ததும் ஷவர் சீறிக்கொண்டு வந்தது. ஸ்பவுட்டில் அவ்வப்போது ஒரு சொட்டு. மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கைப்பிடியைச் சுடுதண்ணீர்ப் பக்கம் முழுக்கத் திருப்பியதும் குமிழ் டப்பென்று விழுந்தது.

பச்சைத் தண்ணீரில் குமிழ் அசையாமல் நிற்கிறது. பாதி கலந்தாலும் நிற்கிறது. சுடுதண்ணீர் அதிகமானால் விழுகிறது. பழைய ரப்பரும் அடைத்துக் கிடந்த வால்வும் இருந்தபோது இது நடக்கவில்லை. காரணம் யோசித்தால் புரிகிறது. ஷவர் வழி அடைபட்டிருந்தபோது அந்தச் சின்ன அறைக்குள் அழுத்தம் தேங்கி, குமிழைத் தூக்கியே வைத்திருந்தது. காய்ந்த ஓ-ரிங்கும் அதை இறுக்கிப் பிடித்திருந்தது. வழி திறந்ததும் தண்ணீர் தாராளமாக ஓடிவிடுகிறது, பின்னாலிருந்து அதே அளவு தண்ணீர் வந்தால்தான் அழுத்தம் நிற்கும். பச்சைத் தண்ணீர் அப்படி வருகிறது. சுடுதண்ணீர் வரவில்லை. டைவர்ட்டரின் அடைப்பு இத்தனை நாளும் சுடுதண்ணீர்க் குழாயின் குறையை மூடி மறைத்து வந்திருக்கிறது.

சமையலறைக்குப் போய்ச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்தேன், அங்கேயும் மெலிசு. தோட்டக் குழாயில் மாமாவின் பிரஷர் கேஜை மாட்டிப் பார்த்ததில் 450 கிலோபாஸ்கல் காட்டியது. தெருவிலிருந்து வருவதில் குறையில்லை. அப்படியானால் இடையில் இருப்பது கீசரும் அதன் வால்வுகளும். இங்கே பரவலாக இருப்பவை 400 கிலோபாஸ்கல் கீசர்கள். தெரு அழுத்தம் அதைத் தாண்டாமல் இருக்க முன்னால் ஒரு அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு உண்டு, அதன் வாயில் ஒரு வலை வடிகட்டி. தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது அடைப்பு தெரியாது, கேஜில் முழு அழுத்தம் காட்டும். ஓடத் தொடங்கினால்தான் சாயம் வெளுக்கும்.

இதை நான் தொடவில்லை. கீசர் என்பது அழுத்தமும் சூடும் மின்சாரமும் சேர்ந்த பொருள். கூரைக்குள் இருக்கும் அந்த 150 லிட்டர் தொட்டியைப் பொருத்துவதற்கு சான்ஸ் 10254 என்று தனித் தேசியத் தரவிதியே இருக்கிறது. பாதுகாப்பு வால்வில் ஒன்று தவறாகப் போனால் வீடே சேதமாகும். பதிவு பெற்ற பிளம்பர் ஒருவரை அழைத்து, வடிகட்டியைச் சந்தேகப்படுகிறேன் என்று சொன்னேன். அவர் திறந்து காட்டினார். வலையில் பாதிக்கு மேல் அதே செம்பழுப்பு மணல், நடுவில் துருச் செதில்கள். கழுவிப் போட்டதும் குமிழ் சுடுதண்ணீரிலும் நிமிர்ந்து நின்றது. வாளிக்குப் பதில் அளவுக் கோப்பையை ஸ்பவுட்டுக்கு அடியில் வைத்து ஒரு நிமிடம் பிடித்தேன். 20 மில்லிலிட்டர்.

இன்னொரு குமிழ் விழுகை இருக்கிறது, அதைப் பழுது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தண்ணீர் நிற்கும் நாட்களில் நாங்கள் தண்ணீர் சேமித்து வைக்கும் ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றிக்கொள்வோம். எங்கள் தொட்டி தாழ்வான மேடையில் நிற்கிறது, பம்ப் கிடையாது. தண்ணீர் மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தால் கிடைக்கும் அழுத்தம் 10 கிலோபாஸ்கலுக்குச் சற்றுக் குறைவு. தொட்டி நிரம்பியிருந்தாலும் மிக்சருக்கு மேலே இருக்கும் உயரம் இரண்டு மீட்டர்கூட இல்லை. குழாய் வளைவுகளில் இழந்தது போக மிச்சமிருப்பதை ஸ்பிரிங் சுலபமாக வென்றுவிடும். எத்தனை புது ஓ-ரிங் போட்டாலும் அன்று குமிழ் நிற்காது. தொட்டித் தண்ணீர் நாளில் வாளியும் செம்பும்தான். பம்ப் வைத்திருக்கும் வீடுகளில் இந்தச் சிக்கல் இல்லை.

இப்போது வீட்டில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நின்ற தண்ணீர் திரும்பி வந்தால் முதலில் திறக்க வேண்டியது தோட்டக் குழாய். கலங்கல் போய்த் தெளிவாக வரும்வரை அதை ஓடவிட்டு, செடிகளுக்கு ஊற்றிவிடலாம். அதன் பிறகு பாத்தின் ஸ்பவுட், குமிழைத் தொடாமல், முதலில் பச்சைத் தண்ணீர், அடுத்து சுடுதண்ணீர். கடைசியில்தான் ஷவர். சமையலறைக் குழாய் நுனியில் இருக்கும் சல்லடையையும் கையால் திருகி எடுத்து ஒரு தட்டுத் தட்டிவிட வேண்டும். மிச்ச ஓ-ரிங்குகளும் மகள் வெட்டிய வாஷரும் ஒரு ஊறுகாய் பாட்டிலில், காடியின் அளவு எழுதிய சீட்டோடு, பேசினுக்கு அடியில் இருக்கின்றன.

மீதி இருப்பது ஒரு வேலை. எங்கள் பழைய வீட்டில் குளியலறைக்கு வரும் பச்சைத் தண்ணீர் நேரே தெருவிலிருந்து வருகிறது, கீசருக்குப் போவது மட்டும் அழுத்த வால்வைத் தாண்டிப் போகிறது. அதனால் இரண்டின் அழுத்தமும் ஒன்றாக இல்லை. வால்வுக்குப் பிறகு ஒரு கிளை எடுத்துக் குளியலறைப் பச்சைத் தண்ணீரையும் அதிலிருந்தே கொடுத்தால் மிக்சரில் இரண்டும் சமமாகக் கலக்கும், யாராவது சமையலறைக் குழாயைத் திறக்கும்போது ஷவரின் சூடு இவ்வளவு மாறாது என்று வடிகட்டியைத் திறந்து காட்டிய பிளம்பர் சொன்னார். மாமியாருக்கு அது நல்லது. தீபாவளி முடிந்ததும் பிளம்பரை வரச் சொல்லியிருக்கிறேன்.